மடைக்குக் கீழே நிற்கும் தண்ணீர்

ஐப்பசி அடைமழையில் பதினோரு நாள் தோட்டத்துப் பக்கம் போக முடியவில்லை. காரியாபட்டியிலிருந்து அருப்புக்கோட்டைச் சாலையில் போய் உள்ளே திரும்பினால் வரும் மூன்று ஏக்கர் கரிசல் அது. நடுவில் ஓர் அறை, அறையின் தலையில் 100 வாட் சோலார் பேனல், உள்ளே 100 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி, ஒரு சின்ன இன்வெர்ட்டர். பன்னிரண்டாம் நாள் போனபோது, காற்றில் ஒடிந்த வேப்பங்கிளை பேனல்மேல் கவிழ்ந்து கிடந்தது. சுவிட்சைத் தட்டினேன், விளக்கு எரியவில்லை. மல்டிமீட்டரின் முனைகளைப் பேட்டரியில் வைத்தேன். 7.9 வோல்ட்.

கிளையை இழுத்துப் போட்டேன். மறுநாள் நல்ல வெயில். காலை பத்தரை மணிக்கே பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டி, நிறைந்துவிட்டதென்று பச்சை விளக்குக் காட்டியது. பிழைத்துக்கொண்டது என்றுதான் நினைத்தேன். அன்றிரவு ஒரு மின்விசிறியும் ஒரு விளக்கும் ஓடின. ஒன்றரை மணி நேரத்தில் இரண்டும் நின்றன. வாங்கிப் பதினான்கு மாதமே ஆன பேட்டரி. கடைக்காரர் ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தார். “ஓவரா இறக்கிட்டீங்க சார். இறக்குனதாச்சும் பரவாயில்ல, அப்படியே போட்டு வச்சிட்டீங்க. பிளேட்ல சல்பேட் புடிச்சிருச்சு” என்றார்.

அவர் சொன்னதில் நடு வாக்கியத்தை நான் அன்று சரியாகக் கவனிக்கவில்லை. பிறகு படிக்கப் படிக்க, விஷயமே அதில்தான் இருக்கிறது என்று தெரிந்தது.

பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளாண்டே 1859-இல் செய்துகாட்டிய ஈய-அமில பேட்டரியின் வேதியியல்தான் இன்றும் நம் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. நேர்த்தகட்டில் ஈய டை ஆக்சைடு; எதிர்த்தகட்டில் பஞ்சுபோல் துளைத்துளையான ஈயம்; இரண்டுக்கும் நடுவே நீர்த்த கந்தக அமிலம். எங்கள் மாவட்டத்தில் கந்தகத்தை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சிவகாசி மருந்துக் கலவையில் தீயாகிப் போகும் அதே கந்தகம், இங்கே சல்பேட்டாகத் தகட்டுக்கும் திரவத்துக்கும் இடையே போய் வந்துகொண்டிருக்கிறது. நாம் மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. திரவத்திலிருந்த சல்பேட் தகட்டில் ஏறிவிடுவதால், மிச்சமிருப்பது மெல்ல மெல்லத் தண்ணீராகிறது. சார்ஜ் ஏற்றும்போது சல்பேட் தகட்டை விட்டு இறங்கி மறுபடி அமிலமாகிறது.

ஆகவே சல்பேட் ஏறுவதில் தப்பே இல்லை. அதுதான் பேட்டரியின் அன்றாட வேலை. எவ்வளவு ஏறலாம், ஏறியது எத்தனை நாள் அங்கேயே இருக்கலாம் என்ற இரண்டு கேள்விகளில்தான் பேட்டரியின் ஆயுள் இருக்கிறது.

எவ்வளவு என்பதை முதலில் பார்ப்போம். ஈயம் ஈய சல்பேட்டாக மாறும்போது அதன் பருமன் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகிறது. ஈய டை ஆக்சைடு மாறும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கரிசல் நிலத்தில் நடந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. மழையில் ஊதிப் பொங்கும் மண், சித்திரையில் சுருங்கிக் கால் நுழையும் அளவுக்குப் பிளக்கும். பேட்டரித் தகடு ஒவ்வோர் இரவும் பொங்கி ஒவ்வொரு பகலும் சுருங்குகிறது. லேசாக இறக்கினால் லேசாகப் பொங்கும். அடிவரை இறக்கினால் பூச்சு முழுதும் பொங்கிச் சுருங்கி, பிடிமானம் தளர்ந்து, துகள் துகளாக உதிர்ந்து பேட்டரியின் அடியில் சேறாகப் படியும். உதிர்ந்தது மறுபடி ஒட்டாது.

டீப் சைக்கிள் பேட்டரி என்று தனியாக ஒன்று இருப்பதற்குக் காரணம் இதுதான். லாரி, டிராக்டர் பேட்டரிகளில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். இன்ஜினைக் கிளப்பும் சில விநாடிகளுக்கு ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரவேண்டும், அதற்கான உடம்பு அது. டீப் சைக்கிள் வகையான டியூபுலர் பேட்டரியில் நேர்த்தகடு என்பது வரிசையாக நிற்கும் ஈயக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியைச் சுற்றியும் ஈய டை ஆக்சைடு, அதைச் சுற்றி நெய்த துணி உறை. பொங்கினாலும் உறை பிடித்துக்கொள்ளும். பழைய டிராக்டர் பேட்டரியைச் சோலாருக்கு மாட்டிவிட்டு, ஆறு மாதத்தில் போய்விட்டது என்று வருத்தப்படுபவர்களை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கலாம். அடிவரை இறக்கும் வேலையை அதனிடம் கேட்டிருக்கவே கூடாது. ஆனால் டியூபுலருக்கும் எல்லை உண்டு. தயாரிப்பாளர்கள் தரும் அட்டவணைகளில் பொதுவாக, தினமும் 80 சதம் இறக்கினால் சுமார் 1,500 சுற்று, பாதி மட்டும் இறக்கினால் சுமார் 3,000 சுற்று என்று இருக்கும். பெருக்கிப் பாருங்கள். பாதியோடு நிறுத்துபவருக்குத்தான் அதே பேட்டரி மொத்தமாக அதிக மின்சாரம் தருகிறது.

இனி, எத்தனை நாள் என்ற கேள்வி. பனங்கற்கண்டு எப்படி உண்டாகிறது என்று பார்த்திருப்பீர்கள். பதநீரைப் பாகாகக் காய்ச்சி, நூல் தொங்கவிட்ட பானையில் ஊற்றி, அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். பொறுமைதான் அங்கே படிகத்தை வளர்க்கிறது. தகட்டில் அன்று ஏறிய ஈய சல்பேட் மிக நுண்ணிய படிகங்களாக இருக்கும். மறுநாள் வெயிலில் சுலபமாகக் கரைந்து இறங்கிவிடும். அப்படியே விட்டுவைத்தால் சின்னப் படிகங்கள் கரைந்து பெரியவற்றோடு போய்ச் சேர்கின்றன. நாளாக ஆகப் பெரியவை இன்னும் பெரிதாகி இறுகுகின்றன. பெரிய படிகத்துக்கு மேற்பரப்பு குறைவு. ஈய சல்பேட்டோ மின்சாரம் கடத்தாது. சார்ஜர் எவ்வளவு முட்டினாலும் உள்ளே இருப்பதைத் தொட முடியாது. எங்கள் ஊர் வெயில் இதை விரைவுபடுத்துகிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இத்துறையில் புழங்கும் கணக்கு.

என் பேட்டரி பத்தரை மணிக்கே நிறைந்ததாகக் காட்டியதன் காரணமும் இதுதான். மண் மேடிட்ட கண்மாய் ஒரே மழையில் நிறைந்து மறுகால் பாயும். பார்ப்பவருக்கு ஏதோ பெருவெள்ளம் போலத் தோன்றும். பத்து நாளில் தரை தெரியும். சல்பேட் இறுகிய பேட்டரியும் அப்படித்தான். கொள்ள இடமில்லை, அதனால் வோல்டேஜ் சட்டென்று ஏறுகிறது.

அடிவரை இறங்கிய பேட்டரிக்கு இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. அமிலம் தண்ணீராகிவிட்டால் ஈய சல்பேட் அதில் கூடுதலாகக் கரைகிறது. பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தக் கரைசலிலிருந்து ஈயம் முள்முள்ளாக வளர்ந்து, தகடுகளுக்கு நடுவே இருக்கும் தடுப்பைத் துளைத்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆக்கிவிடலாம். மற்றொன்று, 12 வோல்ட் பேட்டரி என்பது ஆறு செல்களின் சங்கிலி. ஆறும் ஒரே வலுவில் இருப்பதில்லை. வலுக்குறைந்தது முதலில் காலியாகும். மீதி ஐந்தும் அதன் வழியாகவே கரண்ட்டைத் தள்ளும். காலியான செல்லின் நேரும் எதிரும் தலைகீழாகப் புரளும். நோஞ்சானை இப்படி ஒருமுறை புரட்டினால் அடுத்த முறை அது இன்னும் சீக்கிரம் காலியாகும். கடைக்காரர் ஆறு செல்லையும் தனித்தனியாகப் பார்த்தது அதற்காகத்தான்.

இந்த வேதியியலைப் படிப்பதற்கென்றே எங்கள் பக்கத்து வறண்ட சீமையில் ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். பேட்டரி என்பது கடையில் வாங்கி மூலையில் வைக்கும் பெட்டி என்ற நினைப்பு மாறவேண்டுமென்றால், பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போகலாம்.

சரி, இறக்கம் அளவு மீறாமல் காப்பது எப்படி? கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைந்தபின் வருகிற தண்ணீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கலுங்கு இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் விட மடை இருக்கிறது. பல கண்மாய்களில் மடையின் தரை, பள்ளத்தின் அடியைவிட உயரமாகவே இருக்கும். அதற்குக் கீழே நிற்கும் தண்ணீர் பாசனத்துக்குப் போகாது. மாடு குடிக்கவும் மீன் பிழைக்கவும் கிடக்கும். சோலார் சார்ஜ் கண்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டி இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. பேட்டரி நிறைந்தால் பேனலின் வரத்தை மட்டுப்படுத்துவது அதன் கலுங்கு. பேட்டரி ஒரு வோல்டேஜுக்குக் கீழே இறங்கினால் லோடைத் துண்டிப்பது அதன் மடைத் தரை. அரசின் சோலார் வீட்டு விளக்குகளுக்கான விதிமுறையில், முழுச் சார்ஜிலிருந்து துண்டிக்கும் இடம் வரை பேட்டரிக் கொள்ளளவில் 75 சதம் என்று வரையறுத்திருந்தார்கள். கடைசிக் கால் பங்கை எடுக்க விடாமல் வைத்ததுதான் அந்த மடை.

துண்டித்த லோடை அதே வோல்டேஜில் திரும்பக் கொடுப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சுமை இறங்கியதும் பேட்டரியின் வோல்டேஜ் தானாகக் கொஞ்சம் நிமிரும். 11.1-இல் துண்டித்து 11.2-இல் திரும்பக் கொடுத்தால் விளக்கு ராத்திரி முழுக்கக் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும், பேட்டரி சொட்டுச் சொட்டாகக் காலியாகும். அதனால் 12.6 பக்கம் ஏறிய பிறகே, அதாவது வெயில் வந்து சார்ஜ் ஓடத் தொடங்கிய பிறகே, வாசல் மறுபடி திறக்கும்படி வைக்கிறார்கள்.

இவ்வளவு பாதுகாப்பும் என் அறையில் இருந்தது. அப்புறம் எப்படிப் போனது? என் இன்வெர்ட்டர் கண்ட்ரோலரின் லோடு முனையில் மாட்டப்படவில்லை. நேராகப் பேட்டரியில் மாட்டப்பட்டிருந்தது. அதில் தப்பில்லை, சின்னக் கண்ட்ரோலரின் லோடு முனை 10 அல்லது 20 ஆம்பியருக்கு மேல் தாங்காது, இன்வெர்ட்டர் அதைவிட அதிகம் இழுக்கும், நேராகத்தான் மாட்டவேண்டும். ஆனால் அப்படி மாட்டியதும் கண்ட்ரோலரின் மடை வெறும் அலங்காரமாகிறது. தண்ணீர் வேறு வழியில் போய்க்கொண்டிருக்கிறது. இன்வெர்ட்டருக்கென்று ஒரு கட் ஆஃப் உண்டு, பெரும்பாலும் 10.5 வோல்ட். அதுதான் எஞ்சியிருந்த ஒரே காவல்.

அந்த 10.5 எங்கிருந்து வந்தது? செல் ஒன்றுக்கு 1.75 வோல்ட், ஆறுக்கு 10.5. நல்ல சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி காலியானதன் அடையாளம் அது. அதிலேயே இரண்டு குறைகள் இருக்கின்றன. அது காலியான இடம். பாதுகாப்பான இடம் அதற்கு வெகு மேலே இருக்கிறது. இரண்டாவது, அது கனமான சுமைக்கான எண். ஓர் இரவு விளக்கும் போன் சார்ஜரும் மட்டும் ஓடினால், அந்த லேசான சுமையில் வோல்டேஜ் கடைசிவரை நிமிர்ந்தே நிற்கும். மெல்ல உறிஞ்சும்போது 11.5 என்று மீட்டர் காட்டும் நேரத்தில் உள்ளே ஒன்றும் இருக்காது. லோடு எவ்வளவு லேசோ, கட் ஆஃப் அவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும். பெரும்பாலோர் நினைப்பதற்கு இது நேர்மாறானது.

ஓய்வில் இருக்கும்போது பேட்டரி பொய் சொல்லாது. சுமையும் சார்ஜும் இல்லாமல் சில மணி நேரம் விட்டு அளந்தால், அமிலத்தின் ஒப்படர்த்தியோடு 0.84-ஐக் கூட்டினால் வருவதுதான் ஒரு செல்லின் வோல்டேஜ். நம் நாட்டு டியூபுலர் பேட்டரிகள் வெப்பத்தைக் கருதி 1.240 பக்கம் நீர்த்த அமிலத்தோடு வருகின்றன. கணக்குப் போட்டால் முழு பேட்டரிக்கு 12.5 வோல்ட், பாதிக்கு 12.1 பக்கம், காலியானதற்கு 11.7 பக்கம். குளிர்நாட்டு அட்டவணைகள் 12.7 என்றால்தான் முழுசு என்கின்றன. அதை நம்பி நல்ல பேட்டரியைச் சந்தேகித்தவர்களும் உண்டு.

ஒயரும் ஏமாற்றும். இன்வெர்ட்டரைப் பேட்டரியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் மாட்டினால், போக வரப் பத்து மீட்டர் செம்பில் சுமார் 0.12 ஓம் தடை. பத்து ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.2 வோல்ட் தொலையும். பேட்டரியில் 11.7 இருக்க, இன்வெர்ட்டர் 10.5 என்று பார்த்து அணைந்துவிடும். வீட்டுக்காரர் எரிச்சலில் கட் ஆஃபை 10-க்கு இறக்கி வைப்பார். பிறகு ராத்திரி ஒரு ஆம்பியர் மட்டும் ஓடும்போது ஒயரில் 0.12 வோல்ட்தான் குறையும். பேட்டரி உண்மையாகவே 10.1 வரை இறங்கும். மெல்லிய ஒயரில் மிச்சம் பிடித்த காசு, பேட்டரியாகப் போய்விடும். ஒயரைக் குட்டையாகவும் தடிமனாகவும் போடச் சொல்வது ஏன் என்று நான் பலமுறை விளக்கிப் பார்த்திருக்கிறேன். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால்தான் கேட்கிறார்கள்.

என் அறையில் நடந்தது இவை எதுவும் இல்லை, இன்னும் சாதாரணமானது. இன்வெர்ட்டரை ஆன் செய்தபடியே கதவைப் பூட்டிவிட்டேன். ஒரு விளக்கும் எரியாவிட்டாலும் இன்வெர்ட்டர் தன்னை விழித்திருக்க வைக்க 15 வாட் போல எடுக்கும். ஒரு நாளைக்கு 360 வாட்-மணி. என் 100 வாட் பேனல், நல்ல வெயிலில் ஐந்து மணி நேரக் கணக்கு வைத்து, இழப்புகள் போகத் தருவதே 375 வாட்-மணி. ஒரு நாள் வெயிலை ஒன்றும் செய்யாமலேயே குடித்துவிடும் பிராணி அது. பேனல்மேல் கிளை விழுந்தபின் வரத்து நின்றது. 1,200 வாட்-மணி பேட்டரி நாலாவது நாள் முடிவதற்குள் வற்றியிருக்கும். கட் ஆஃப் ஆனபின்னும் உள்ளே இருக்கும் சர்க்யூட் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியிருக்கும். மீதி நாட்கள் முழுவதும் படிகங்கள் வளர்ந்தன.

பக்கத்து மாவட்டத்தில், கமுதியில், 2016-இல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தபோது அதற்கு இந்தக் கவலை இல்லை. பகலில் விளைந்தது பகலிலேயே கம்பியில் ஏறிப் போனது. பேட்டரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் சின்ன ஆட்கள்தான். 2011-இல் தமிழக அரசு அறிவித்த சூரிய ஒளிப் பசுமை வீடுகள் 300 சதுர அடி. ஒரு வீட்டுக்கான 1.80 லட்சத்தில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கு. வீட்டுக்கு ஐந்து விளக்கு. அந்த அளவுள்ள வீட்டில் விளக்கு ஒன்பது மணிக்கு அணைந்தால், பிள்ளை படித்துக்கொண்டிருந்தால், கண்ட்ரோலரைத் தாண்டிப் பேட்டரியில் நேராக ஒயரை மாட்டத்தான் கை போகும். அந்தக் கையை நான் குற்றம் சொல்லமாட்டேன். பெட்டியை மாட்டுகிறவர்கள், அது ஏன் அணைகிறது என்பதை வீட்டுக்காரருக்குப் புரியும்படி சொல்லிவிட்டுப் போகவேண்டும். அணைந்தால் பழுதில்லை, பேட்டரி பிழைத்திருக்கிறது என்று பொருள் என்ற ஒரே வாக்கியம் போதும்.

இப்போது விற்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளில் காவல் சர்க்யூட் உள்ளேயே வருகிறது. சல்பேட் தொல்லை அவற்றுக்கு இல்லை. ஆனால் அவற்றையும் அடிவரை வற்றவிட்டால் எதிர்முனையின் செம்புத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது வேண்டாத இடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம். காலியாகப் போட்டு வைப்பது அங்கும் ஆகாது.

என் பழைய பேட்டரியை எழுப்ப முயன்றேன். மிகக் குறைந்த கரண்ட்டில் இரண்டு நாள் விடாமல் ஏற்றினால் புதிதாகப் படிந்த சல்பேட் ஓரளவு கரையும். அப்போது செல்களிலிருந்து ஹைட்ரஜன் வரும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, தீப்பொறி எதுவும் கிட்டே வராமல் செய்யவேண்டும். பட்டாசு மருந்து அறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு திரும்பியது, அவ்வளவுதான். பேட்டரிக்குள் போட்டால் புதுசாகிவிடும் என்று விற்கும் பொடிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை, போடவில்லை. புதியது வாங்கிய கடையிலேயே பழையதைக் கொடுத்தேன். பழைய பேட்டரியைத் தயாரிப்பாளர்கள் திரும்பப் பெறவேண்டும் என்று 2022-இன் விதிகள் சொல்கின்றன. யாரோ கொல்லைப்புறத்தில் உடைத்து உருக்கினால் அந்த ஈயம் பிள்ளைகளின் இரத்தத்தில்தான் போய்ச் சேரும்.

புதிய பேட்டரிக்கு அறையை மாற்றி அமைத்தேன். 75 வாட் பழைய மின்விசிறி எட்டு மணி நேரத்தில் 600 வாட்-மணி, அதாவது பேட்டரியில் பாதியைக் குடிக்கும். அதை எடுத்துவிட்டு 12 வோல்ட்டில் ஓடும் 28 வாட் பிஎல்டிசி விசிறி போட்டேன். எட்டு மணி நேரத்துக்கு 224. ஒன்பது வாட் எல்இடி விளக்கு இரண்டு, நாலு மணி நேரத்துக்கு 72. மொத்தம் 300-க்குள். விசிறியும் விளக்கும் கண்ட்ரோலரின் லோடு முனையில். கட் ஆஃப் 11.8, திரும்பக் கொடுப்பது 12.8. இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு சுவிட்ச். மிக்ஸி ஓடும் நேரம் தவிர அது எப்போதும் ஆஃப். சுவரில் கரித்துண்டால் மூன்று எண்கள்: 12.5, 12.1, 11.7.

போன கார்த்திகையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் இல்லை. மூன்றாம் நாள் இரவு பத்தரை மணிக்கு விசிறி நின்றது. டார்ச் அடித்து மீட்டரை வைத்துப் பார்த்தேன், 11.8-இல் நின்ற எண் மெல்ல நிமிர்ந்து 12-ஐத் தொட்டது. ஓலை விசிறியை எடுத்துக்கொண்டு திண்ணையில் பாயை விரித்தேன்.